லேமினேட் செய்த கடல்நீலம்

தேதி போட்டுக் குறிப்பேடு எழுதுகிறவர்களின் கையில் எந்தப் பொருளையும் நம்பிக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதிவருகிறேன். எங்கள் இனத்துக்கு ஒரு வியாதி இருக்கிறது: எழுதி வைக்காதது நடக்கவே இல்லை என்றும், எழுதி வைத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதுவும் பாதிதான் நடந்தது என்றும் நம்புவோம். என் கல்யாணத்தன்று கூட, முகூர்த்த நேரம் தொடங்கி நான்கு நிமிடம் கழித்துத்தான் தாலி கட்டினேன் என்று அன்றே குறித்து வைத்தேன். (அதை மாமனார் வீட்டில் வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். அப்போதே அவர்கள் சுதாரித்திருக்க வேண்டும்.)

நான் சொல்லப்போவது கல்யாணமான முதல் வருடத்தில் நடந்தது. சரியான தேதி குறிப்பேட்டில் இருக்கிறது. அதை அச்சில் போடக்கூடாது என்று என் மனைவி சுகந்தி தடை விதித்திருக்கிறாள். புரட்டாசி மாதம், ஒரு புதனும் வியாழனும் என்பதுவரை சொல்லிக்கொள்ள அனுமதி.

திருப்பூரை ஒட்டிய ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வணிக மேலாண்மைத் துறையில் பாடம் எடுக்கிறேன். எங்கள் மாணவர்கள் இரண்டாம் ஆண்டின் நடுவில் மூன்றில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நிதி, சந்தை, மனிதவளம். அதற்கு ஒரு படிவம் உண்டு. 'எந்தப் பிரிவு' என்று ஒரு கட்டம், 'காரணம்' என்று இன்னொரு கட்டம். பழைய படிவங்களை ஒருநாள் அலமாரியில் கண்டெடுத்தேன். வேறு யாராயிருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்பார்கள். நான் உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன்.

'நிதி. ஏனென்றால் மனிதவளத்தில் நிறைய எழுத வேண்டும்.' 'சந்தை. கோகிலா எடுத்ததால்.' அடுத்த படிவத்தில் கோகிலா: 'சந்தை. நித்யா எடுத்ததால்.' நித்யாவைத் தேடிப் பிடித்தேன். அவள் நிதி எடுத்திருந்தாள். ஒருவன் 'மனிதவளம். மனிதர்களைப் பிடிக்கும்' என்று எழுதி, 'பிடிக்கும்' என்பதை அடித்துவிட்டு, 'பரவாயில்லை' என்று திருத்தியிருந்தான். இன்னொருவனுடைய காரணம் மிகத் தெளிவானது: 'அந்த வகுப்பில் ஃபேன் ஓடுகிறது.'

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய ஆச்சரியம்தான் வந்தது. ஒரு மனிதன் தன் வாழ்நாள் வேலையை எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் முடிவு செய்கிறான்? மாணவர்களிலே பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். ஆனாலும் அந்தக் கம்பெனியில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. வகுப்பில் கேட்டேன்.

"மெர்ச்சண்டைசர்னா என்ன வேலை?"

"ஃபோன் பேசுவாங்க சார்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயுமுங்க சார்."

(என் மனைவி அதே வேலையில் இருப்பவள். இதைவிடச் சரியான விளக்கத்தை இன்றுவரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.)

அந்த மாதம் முழுக்கப் படித்தேன். மனிதர்கள் முடிவெடுக்கும் விதம் பற்றி, பறவைகள் திசை கண்டுபிடிக்கும் விதம் பற்றி, கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகள் பற்றி, கையில் கிடைத்ததையெல்லாம். முடிவில் பதினாறு பக்கத்தில் ஒரு பாடத்திட்டம் தயாரானது. மாணவர்கள் புதன்கிழமைதோறும் ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒருவர் பக்கத்தில் நாள் முழுக்க நிழல் மாதிரி உட்கார வேண்டும். அவர் செய்வதையெல்லாம் மணி, நிமிடம் போட்டு எழுத வேண்டும். மாலையில் கல்லூரிக்குத் திரும்பிப் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். பல அலுவலகங்களைப் பார்த்தபின் படிவத்தை நிரப்பினால், காரணக் கட்டத்தில் ஃபேன் வராது என்பது என் கணக்கு.

இதுவரை குற்றமில்லை. இன்றும் இதைத்தான் செய்கிறோம். குற்றம் ஏழாவது விதியில் இருந்தது. அதை அப்படியே தருகிறேன்: 'ஒவ்வொரு பதிவுடனும் பணியிடத்திலிருந்து ஒரு பொருளை ஆதாரமாக இணைக்க வேண்டும். கையெழுத்தும் தேதியும் உள்ள ஆதாரமே முதல்தரமானது. முழு மதிப்பெண் அதற்கு மட்டுமே.'

துறைத் தலைவி அம்மா பதினாறு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க சார், இது பாடமா, இல்ல போலீஸ் விசாரணையா?"

"ஆதாரம் இருந்தாத்தான் மேடம், பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தாலும்…"

"பத்து வருசங் கழிச்சு இத ஆருங்க எடுத்துப் பாக்கறது?"

"நான் பார்ப்பேன் மேடம்."

அவர் கையெழுத்துப் போட்டார். அருகில் தேதி போட மறந்துவிட்டார். நினைவூட்டினேன்.

கம்பெனி கம்பெனியாக ஏறி அனுமதி கேட்டதில் ஓர் இடம் மட்டும் எளிதாகக் கிடைத்தது, அது 'பையர்' எனப்படும் வெளிநாட்டு வாங்குபவர்களின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சுகந்தியின் மேசை. எளிதாக என்றால், மூன்று நாள் கெஞ்சியபிறகு.

"ஒரே ஒரு புள்ளைன்னா செரிங்க மாமா. இப்பத்தான் தனியா ஒரு பையரை என்னை நம்பிக் குடுத்திருக்கறாங்க. எங்க மேனேஜரு, 'கல்யாணமாகி ஒரு வருசங்கூட ஆவல, இந்தம்மணிக்கு எதுக்குப் புது பையரு'ன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு. இந்த ஆர்டர் நல்லபடியாப் போகோணும். அத்தனைதான்."

"ஒரு தொந்தரவும் வராது. நிழல் மாதிரி இருப்பாங்க" என்றேன்.

அனுப்பியது ரேவதியை. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். வகுப்பில் அவள் குரலை நான் வருகைப்பதிவின்போது மட்டுமே கேட்டிருந்தேன். ஆரம்பத்தில் மாதிரிக்கு ஒரு படிவம் நிரப்பச் சொன்னபோது, பிரிவுக் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணக் கட்டத்தில் 'அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுதியவள்.

புதன்கிழமை மாலை அவளுடைய பதிவேட்டைத் திறந்த நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். என் ஆசிரிய வாழ்க்கையில் அப்படியொரு ஆவணம் அதுவரை வந்ததில்லை. '10.05: அக்கா டீ குடிக்கிறார். 10.06: ஃபோன் வருகிறது. 10.06 முதல் 10.41 வரை ஃபோன். டீ ஆறிவிட்டது. 10.42: ஆறின டீயைக் குடிக்கிறார். 10.43: ஒரு நீலத் துணித் துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்க்கிறார். சிரிக்கிறார். ஏன் என்று கேட்க நினைத்தேன். ஃபோன் வந்துவிட்டது.'

அந்தப் பக்கத்தின் கீழே, பசை போட்டு ஒட்டப்பட்டு, உள்ளங்கையில் பாதி அளவுக்கு அந்த நீலத் துண்டே இருந்தது. பனியன் துணி. நல்ல கடல்நீலம். மேலே ஒரு வெள்ளைச் சீட்டு. சீட்டில் கையெழுத்து. கையெழுத்தின் கீழே தேதி.

ஏழாவது விதி உயிரோடு எழுந்து வந்து என் முன்னால் நின்றது போலிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. மறுநாள் கல்லூரி அரங்கில் எங்கள் பாடத்தின் கண்காட்சி இருந்தது. முதல்வர் வருகிறார். சிறந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"துணியெல்லாம் லேமினேட் பண்றதில்லீங்க சார். சூட்டுக்கு என்னாவுமோ" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவை விடுங்க. நூறு வருஷம் தாங்கணும்."

"அது தாங்குமுங்க. அதப் பாக்கறதுக்கு நாம இருக்கோணுமே" என்று சொல்லிவிட்டு மெஷினில் விட்டார். துண்டு உள்ளே போய், கண்ணாடிக்குள் மீன் மாதிரி பளபளவென்று வெளியே வந்தது. பக்கங்களை நாலடித் தெர்மோகோல் பலகையில், இருப்பதிலேயே பலமான பசையால் ஒட்டினேன். நடுநாயகமாகக் கடல்நீலம்.

வியாழன் மதியம் இரண்டு மணிக்குக் கண்காட்சி திறந்தது. இரண்டு பத்துக்கு ஃபோன் வந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோபத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திட்டும்போதும் மரியாதை குறையாது. சொல்லுக்குச் சொல் 'ங்க' சேர்ந்துகொண்டே போனால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். 'ங்க' திடீரென்று நின்றுவிட்டால், அதன்பிறகு எதுவும் நம் கையில் இல்லை.

"ஏனுங்க மாமா, சாப்பிட்டீங்களா?" என்றாள் சுகந்தி.

"ஆச்சு. என்ன இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லீங்க. நேத்து வந்துச்சுங்களே அந்தப் புள்ள, அது எம்பட மேசையில இருந்து ஏதாச்சும் எடுத்துட்டு வந்துச்சுங்களா?"

"ஏதாச்சுமா! சுகந்தி, இந்த ஊர்லயே அப்படி ஒரு ஆதாரம்…"

"என்ன கலருங்க?"

"கடல்நீலம். கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு…"

மறுமுனையில் இழுப்பறை சாத்தும் சத்தம் கேட்டது.

"அது பத்தரமா இருக்குதுங்களா?"

"பத்திரமாவா? லேமினேட் பண்ணிட்டேன். ரெண்டு தடவை."

"மாமா" என்றாள். 'ங்க' இல்லை.

அடுத்த இரண்டு நிமிடத்தில் அவள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. வெளிநாட்டு பையர் ஒரு நிறம் கேட்டால், சாய ஆலையின் சோதனைக் கூடத்தில் முதலில் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சாயமிட்டுப் பார்ப்பார்கள். ஒரே நீலத்தில் ஏ, பி, சி என்று மூன்று சாயல். சாதாரணக் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். பையர் தரப்பில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அந்தத் துண்டின் மேல் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். மின்னஞ்சலில் 'கையெழுத்திட்ட துண்டின்படி செய்யவும்' என்று மட்டும்தான் இருக்கும். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் மொத்தத் துணிக்கும் சாயம் ஏறும். இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாம் முறை ஒப்புதலாகி வந்த துண்டு அது. அது வந்ததைத்தான் புதன்கிழமை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துச் சுகந்தி சிரித்திருக்கிறாள்.

ரேவதி திருடவில்லை. "ஒரு துண்டு எடுத்துக்கட்டுங்களாக்கா?" என்று முறையாகக் கேட்டிருக்கிறாள். தட்டு நிறைய வேண்டாத துண்டுகள் கிடந்ததால், ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, "எத்தன வேணும்னாலும் எடுத்துக்க கண்ணு" என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள். வேறு பிள்ளை என்றால் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கும். ரேவதி என் ஏழாவது விதியைப் படித்தவள். மேசை முழுக்கத் தேடி, கையெழுத்தும் தேதியும் இருந்த ஒரே துண்டைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

"அஞ்சு மணிக்குப் பட்டறையில சாயமேத்தற மெஷினுங்க. இன்னைக்கு விட்டா அடுத்து திங்கக்கெழமதான் மெஷின் கெடைக்கும். கப்பலுக்குத் துணி போவாதுங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா பையரும் போச்சு. மேனேஜரு சொன்னதுதான் செரின்னு ஆயிப்போயிருமுங்க" என்றாள். 'ங்க' திரும்பி வந்திருந்தது, குரல்தான் உடைந்திருந்தது. "பட்டறைக்கே நேரா கொண்டாந்துருங்க."

அரங்கத்துக்கு ஓடினேன். முதல்வர் சரியாக அந்தப் பலகை முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பிரமாதம்! எல்லாத்துக்கும் ஆதாரம்! இதென்ன, கப்பு?"

அது மனிதவள அலுவலகம் ஒன்றுக்குப் போன மாணவனின் ஆதாரம்: மேலாளர் டீ குடித்த காகிதக் கப், அதன்மேல் அவருடைய கையெழுத்து, தேதி.

"சார், இந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கறேன்" என்று நீலத்தின் ஓரத்தில் நகத்தை விட்டேன். இருப்பதிலேயே பலமான பசை என்றேன் அல்லவா? பக்கம் வரவில்லை. நகம்தான் வந்தது.

"எங்கங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"சாயப்பட்டறைக்கு சார்."

"ஓ, கண்காட்சி அங்கயும் போகுதுங்களா? நல்ல முயற்சி. போட்டோ எடுத்துருங்க" என்றார். பிறகு அவரே பலகையின் ஒரு முனையைப் பிடித்து வாசல்வரை தூக்கிவந்தார். அந்தப் புகைப்படம் கல்லூரி ஆண்டு மலரில் இருக்கிறது. அதில் நான் அழுவது போலிருப்பேன். கீழே 'உணர்ச்சிவசப்பட்ட பேராசிரியர்' என்று போட்டிருக்கிறார்கள்.

ரேவதியையும் அழைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். நாலடிப் பலகை உள்ளே நுழையவில்லை. குறுக்கே வைத்து, ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டோம். ஆட்டோக்காரர் தெற்கத்திக்காரர்.

"என்ன சார் இது, கல்யாணத் தட்டியா? எங்கிட்டுக் கட்டணும்?"

"மண்ணரை தாண்டி ஒரு சாயப்பட்டறை. நாலு மணிக்குள்ள போகணும்."

"கல்யாணத்தைச் சாயப்பட்டறையிலயா வச்சிருக்கீக?"

காற்றில் பலகை படகுப் பாய் மாதிரி விம்மியது. காகிதக் கப் முதல் வளைவிலேயே விடைபெற்றுக்கொண்டது. ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஃபெயிலுங்களா சார்?"

"இல்லம்மா. தப்பு என்னோடது."

"அக்காவுக்கு வேல போயிருமுங்களா?"

பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் மறுபடி பேசினாள். இந்தமுறை குரல் வேறாயிருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? நீலம்னா நீலந்தானுங்களே. அதுக்குப் போயி எதுக்குங்க சார் இத்தன பேரு கையெழுத்து போட்டுட்டு இருக்கறாங்க? கண்ணு ஆளாளுக்கு வேற வேறயாத் தெரியுமுங்களா?"

அப்போது மூன்று வருடமாக இந்த ஊரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கட்டியிருப்பது மெர்ச்சண்டைசரை. ஒருநாள்கூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. "தெரியலம்மா" என்றேன். என் குறிப்பேட்டில் அன்று எழுதியவற்றில் அதுதான் உருப்படியான வரி.

மூன்று ஐம்பதுக்குப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே சுகந்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் டையிங் மாஸ்டர் மாணிக்கம் அண்ணன். சாயத்தில் ஊறி விரல்நகங்கள் நிரந்தரமாக ஊதாவாகிப் போன மனிதர். என்றைக்கோ வாய்ச்சொல்லை நம்பிச் சாயமேற்றி, பிறகு பெரிய வழக்காகிப் போனதால், அன்றிலிருந்து கையெழுத்துத் துண்டைக் கண்ணால் பார்க்காமல் மெஷினைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தவர். ஆதார விஷயத்தில் எனக்கு அண்ணன்.

பலகையை மேலும் கீழும் பார்த்தார். "என்னுங்க தம்பி, துண்டு கேட்டா தட்டியவே பேத்துட்டு வந்துட்டீங்க?"

நிறம் பார்க்கிற விளக்குப்பெட்டியில் பலகை நுழையவில்லை. கத்தியால் நடுவில் அறுத்து நீலத்தை மட்டும் எடுத்தோம். விளக்கின் கீழ் வைத்தார். இரண்டு அடுக்குப் பிளாஸ்டிக் பளீரென்று மின்னியது.

"கையெழுத்து இருக்குதுங்க. தேதியும் இருக்குதுங்க. கலருதான் இல்ல. இது பிளாஸ்டிக்கோட கலருங்க. அதுக்குள்ள இருக்கறது என்னன்னு நான் எங்கீங்க கண்டேன்?"

பிளாஸ்டிக்கை உரிக்கப் பார்த்தார். மூலையில் துணியின் இழையும் சேர்ந்து கிளம்பியது, நிறுத்திவிட்டார். துண்டின் முதுகில் ஏ, பி, சி என்று எழுத்து இருக்குமே, திருப்பிப் பாருங்கள் என்றேன். முதுகு ரேவதியின் பசையோடு காகிதத்தில் ஒன்றியிருந்தது. பையர் தரப்பில் கையெழுத்துப் போட்ட அம்மையார் விமானத்தில் இருந்தார். அவருடைய ஃபோன் அணைக்கப்பட்டிருந்தது.

மாணிக்கம் அண்ணன் சோதனைக் கூடத்துப் பதிவேட்டை எடுத்துவந்து திறந்தார். பையருக்கு அனுப்பிய ஒவ்வொரு துண்டிலும் மிச்சத்தை அவர்கள் வெட்டி வைத்துக்கொள்வது வழக்கம். ஏ, பி, சி மூன்றும் வரிசையாகப் பின் போட்டிருந்தன.

"ஏ இல்லைங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் சுகந்தி. பி-யையும் சி-யையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சி-ன்னுதான் நெனக்கறனுங்கண்ணா."

"நெனக்கறத மெஷின்ல ஏத்த முடியாதுங்களே அம்மணி. ஏத்துனா ஏத்துனதுதான். திருப்பி வெளுக்க முடியாது."

மணி நாலு இருபது. இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"ஒரு வழி இருக்கு. கூரியர் தேதியை வச்சுக் கணக்குப் போடலாம். மூணாவது தடவை அனுப்பினது எந்தக் கிழமை? கையெழுத்துப் போட்ட தேதிக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு வேலைநாள் இருந்தா, அவங்க அதிகம் யோசிக்கலைன்னு அர்த்தம். யோசிக்காம எடுத்தா முதல்ல கண்ணுல படறதை எடுத்திருப்பாங்க. அப்படின்னா…"

"மாமா. பேசாம இருங்க."

 ரேவதி எங்கே என்று பார்த்தால், பதிவேட்டின் மேல் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். பிளாஸ்டிக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பி-க்குப் பக்கத்தில் வைப்பதும், எடுப்பதும், சி-க்குப் பக்கத்தில் வைப்பதுமாக இருந்தாள்.

"அண்ணா, இந்த ஓரமெல்லாம் எதுக்குங்க பல்லுப் பல்லா இருக்குது?"

"அது கத்திரி அப்படி, கண்ணு. இழை பிரியாம இருக்கோணுமின்னு பல்லுக் கத்திரியில வெட்டறது."

"ஒரே துணியத்தானுங்க ரெண்டா வெட்டி, ஒண்ண அனுப்பிச்சுட்டு ஒண்ண இங்க வெக்கறீங்க?"

"ஆமா."

"அப்ப இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒண்ணோட ஒண்ணு சேரோணுமல்லங்க?"

மாணிக்கம் அண்ணன் நிமிர்ந்தார். ரேவதி விரலை வைத்துக் காட்டினாள். சி-யின் ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. பி-யை வெட்டினவர் பாதியில் கத்திரியை நிறுத்தி மறுபடி வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு படி மாதிரி இறங்கி, பிறகு கொஞ்சம் சாய்ந்து போனது. பிளாஸ்டிக்குக்குள் இருந்த துண்டிலும், அதே இடத்தில், அதே படி. இரண்டையும் சேர்த்து வைத்தபோது பல்லோடு பல் பொருந்தியது. சுருண்டுகொள்ளும் பனியன் துணி, லேமினேட் செய்ததால் ஓரம் ஒரு இம்மிகூட அசையாமல் தட்டையாக இருந்தது. (என் தரப்பில் சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் உண்டு. வீட்டில் இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.)

மாணிக்கம் அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "பி-தானுங்க அம்மணி. சந்தேகமே வேண்டாம்."

சுகந்தி பதிவேட்டை அருகில் இழுத்தாள். பி-யைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் சி என்று சொன்னது எங்கள் நாலு பேருக்கும் கேட்டிருந்தது. பதிவேட்டில் 'பி' என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் போட்டாள்.  நாலு ஐம்பத்திரண்டுக்கு மெஷினில் துணி ஏறியது.

"ஏங்கண்ணு, நீ எந்த ஊரு? ஆரு ஊட்டுப் புள்ள?" என்று மாணிக்கம் அண்ணன் ரேவதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பலகையின் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். நடுவில் ஓட்டை விழுந்த தெர்மோகோல் பலகையோடு ஒரு மனிதன் நின்றால், போகிற வருகிறவர்கள் அதன் வழியாக அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

சாயம் சரியாக வந்தது. துணி கப்பலேறியது. பையர் அடுத்த ஆர்டரையும் சுகந்திக்கே கொடுத்தார். மேனேஜர் அதன்பின் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டு என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சுகந்தி ஒன்பது நாள் என்னிடம் மிகமிக மரியாதையாகப் பேசினாள். "தண்ணி வேணுமுங்களா, இல்ல லேமினேட் பண்ணித் தரட்டுங்களா?" என்பது அந்த நாட்களின் நடுத்தரமான வாக்கியம்.

செமஸ்டர் முடிவில் படிவங்கள் வந்தன. நிறைய 'கோகிலா'க்கள் அப்போதும் இருந்தார்கள். ரேவதியின் படிவத்தில் 'சந்தை' என்றிருந்தது. காரணக் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தாள்: ஒரே நிறத்தை இரண்டு பேர் ஒரே மாதிரி பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு இத்தனை பேர் ஏன் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா மறுநாளே ஃபோன் செய்தார். "ஏனுங்க சார், பி.பி.ஏ. படிக்கறதுக்கும் துணித்துண்டு பாக்கறதுக்கும் என்னுங்க சம்பந்தம்? பேங்க் பரீட்ச எழுதோணுமின்னுதானுங்க நான் அனுப்பிச்சது."

இருபத்து மூன்று நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது ஒண்ணும் வெளங்கலீங்க சார். ஆனா அந்தப் புள்ள இது நாள் வரைக்கும் இது வேணும் அது வேணும்னு ஒண்ணு கேட்டதில்லீங்க. இப்ப வாயத் தொறந்து கேக்குது. செரி, போகட்டுமுங்க."

ரேவதி இப்போது வேறொரு கம்பெனியில் நிற ஒப்புதல் பிரிவையே பார்த்துக்கொள்கிறாள். மாணிக்கம் அண்ணன் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுகிறார். என் மனைவியும் அப்படியே. ஏழாவது விதியை நான் எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டு விசேஷங்களில் நிச்சயதார்த்த ஓலை எழுதி முடித்ததும், சுகந்தியின் அண்ணன் அதை மடியில் சொருகிக்கொண்டு, என்னைக் காட்டி, "மாப்ளைய அக்கட்டால தள்ளி ஒக்கார வைங்க" என்பார். என் மகளுக்கு முதல் பல் விழுந்தபோது அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு அம்மாவிடம்தான் ஓடினாள். "அப்பாகிட்டக் காட்டாதீங்கம்மா, மெஷின்ல விட்டுருவாரு."

வருடந்தோறும் அந்தப் பாடம் தொடங்கும் நாளில் ரேவதியைப் பேச அழைக்கிறேன். 'இந்த வேலையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று மாணவர்கள் கேட்பார்கள். அவள் நல்ல பிள்ளை. என் பாடத்திட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பெருமையாகச் சொல்லத்தான் தொடங்குவாள். ஆனால் பொய் வராது. "சார் ஒரு தப்புப் பண்ணுனாருங்க. அத செரி பண்ணப் போயித்தான் எனக்கு இது புடிச்சுதுன்னு தெரிஞ்சுதுங்க" என்று முடித்துவிடுவாள்.

போன வருடம் அவள் பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். குறிப்பேடும் பேனாவும் கையில் தயாராக இருந்தன. கேலி செய்கிற முகமாகத் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"சார், எங்க பேட்ச்சுக்கு எந்தப் புதன்கெழமைங்க தப்புப் பண்ணுவீங்க?"